முந்நூறு ஆமென், ஒரு கேள்வி

இணையத்தில் கூடிப் பேச இடம் தேடும் கிறிஸ்தவர்கள்: லாஸ்பேட்டையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் விடியுமுன் நடப்பவர்களில் பாதிப் பேருக்கு வழிகாட்டுவது கையிலிருக்கும் போன் வெளிச்சம்தான். டீச்சரக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். எங்கள் தெருக்காரர். அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது சுற்றில் திடீரென்று நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, ராத்திரி பத்து மணிக்கு ஒண்ணு கேட்டேன். ஒருத்தரும் வாயத் திறக்கல. நீயே பாரு.”

பார்த்தேன். பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழு. முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அக்கா எழுதியிருந்தது ஒரே வரி: மகளைக் கட்டப்போகிற பையன் சி.எஸ்.ஐ.; அவன் மறுபடியும் ஞானஸ்நானம் வாங்க வேண்டுமா? அந்த வரிக்கு மேலே ஒரு இரங்கல் செய்தி. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகளும் ஆமென்களும். கும்பிட்டது கேள்வியையா, இறந்தவரையா என்று சொல்ல முடியவில்லை. பிறகு ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம், அன்றைய வாசகம், ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்ற அவசரம், யாரோ குழு மாற்றிப் போட்டுவிட்ட பால் பாக்கெட் கணக்கு. அக்காவின் கேள்வியைப் பிடிக்க விரலால் பலமுறை தள்ள வேண்டியிருந்தது.

“முப்பது வருஷம் கிளாஸ் எடுத்தேன். நான் கேள்வி கேட்டா பசங்க இப்படித்தான் குனிஞ்சு உட்காருவாங்க” என்றார். சிரிக்கவில்லை.

கிறிஸ்தவர்கள் இணையத்தில் எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்று எழுதச் சொல்லி எங்கள் ஆசிரியர் கொடுத்த தலைப்பு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. நாலு குழு, ஐந்து செயலி, பத்து சேனல் என்று பட்டியல் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவின் போனைப் பார்த்த பிறகு பட்டியல் ஆசை போய்விட்டது. குழுக்களுக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. கேள்வி கேட்டால் பதில் வரும் இடம்தான் இல்லை. அந்த ஒற்றைக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அக்காவும் இரண்டு நாள் அலைந்தோம்.

பெட்டிச் செய்தி: யார், எத்தனை பேர்?
2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். அதில் கிறிஸ்தவர்கள் 6.3 சதவீதத்தை ஒட்டி, ஏறக்குறைய 78,500 பேர். தமிழ்நாட்டில் 6.1 சதவீதம், சுமார் 44 லட்சம். நாடு முழுக்கப் பார்த்தால் 2.3 சதவீதம், சுமார் 2.8 கோடி. புதுவையில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். உயர்மறைமாவட்டத்தின் பெயர் புதுவை–கடலூர்.

கோயில் வாசல் பலகை போனுக்குள் வந்த கதை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த மாதம் 27-ஆம் தேதி, வத்திக்கானில் மழையில் நனைந்த வெறும் சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று செபித்ததை லாஸ்பேட்டை வீடுகளும் டி.வி.யில் பார்த்தன. ஏப்ரல் 12 ஈஸ்டர். பூட்டிய கோயில், யூடியூபில் பூசை. பங்குக்குள் இருக்கும் சிறு சமூகங்களான அன்பியங்களின் குழுக்கள் பலவும் அந்த நாட்களில் பிறந்தவை. அப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். பெரிய பங்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பிரித்தன. இப்போது 1,024 பேர் வரை சேரலாம்.

அவசரத்துக்குக் கட்டிய பந்தல் அப்படியே வீடாகிவிட்டது. கோயில் வாசலில் கண்ணாடிக் கதவுக்குள் இருந்த அறிவிப்புப் பலகைதான் குழுவாக இடம் மாறியது. பூசை நேரம், திருவிழாக் கொடியேற்றம், கல்யாண அறிவிப்பான ஓலை, இறப்பு. பலகையில் யாரும் பதில் எழுத மாட்டார்கள் அல்லவா? இங்கேயும் அதே வழக்கம். அதையும் மீறி யாராவது எழுதினால், ‘அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்ற பொத்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. குழுவில் இருக்கும் முந்நூறு பேரும் தெரிந்த முகங்கள். மாமனார் இருப்பார், சீட்டுப் பிடிக்கும் அம்மா இருப்பார், பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத கொழுந்தனார் இருப்பார். அங்கே கேள்வி கேட்பது, வீட்டு விஷயத்தைத் தெருவில் வைப்பதற்குச் சமம். டீச்சரக்கா கேட்டது திருச்சபைச் சட்டம். குழு படித்தது வேறு: ஓ, பெண்ணுக்கு முடிந்துவிட்டதா? அதுவும் சி.எஸ்.ஐ.யிலா?

சொல் மாறினால் தெரு மாறும்

சரி, தெரிந்தவர்கள் இல்லாத இடத்தில் கேட்போம் என்று முடிவு செய்தோம். அக்காவின் மகள் போனில் தேட ஆரம்பித்தாள். அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. தமிழில் கிறிஸ்தவரைத் தேடும்போது, நாம் எந்தச் சொல்லைத் தட்டுகிறோமோ அந்தச் சொல்லே நம்மை ஒரு தெருவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. ‘திருமுழுக்கு’ என்று தட்டினால் கத்தோலிக்கத் தெரு. ‘ஞானஸ்நானம்’ என்று தட்டினால் சீர்திருத்தச் சபைகளும் பெந்தெகொஸ்தே ஊழியங்களும் வரிசைகட்டும். வயதான கத்தோலிக்கர்கள் வீட்டில் ஞானஸ்நானம் என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய பழக்கமே அவர்களை அடுத்த தெருவில் இறக்கிவிடும். அக்காவுக்கு நடந்ததும் அதுதான்.

பெட்டிச் செய்தி: ஒரே வேதம், இரண்டு அகராதி
ஆதியாகமம் கத்தோலிக்கருக்குத் தொடக்கநூல். யாத்திராகமம், விடுதலைப் பயணம். சங்கீதம், திருப்பாடல்கள். பரிசுத்த ஆவி, தூய ஆவி. ஆராதனை ஒரு பக்கம், திருப்பலி மறுபக்கம். கத்தோலிக்க மறைமாவட்டத்தை சி.எஸ்.ஐ.யில் திருமண்டலம் என்பார்கள். கத்தோலிக்கரிடம் பேராயர் என்றால் ஆயருக்கும் மேலே, சி.எஸ்.ஐ.யில் ஆயரே பேராயர்தான். பழைய கத்தோலிக்க நூல்களில் பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர். கடவுளுக்கே நாலு பெயர்: லுத்தரன் போதகர் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பில் பராபரன், 1871-இல் வந்த வேதாகமத்தில் தேவன், பழைய கத்தோலிக்க வழக்கில் சர்வேசுரன், இரு தரப்பும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கடவுள்.

இந்தத் தெருப் பிரிவினை கூகுள் செய்ததில்லை. தரங்கம்பாடியில் 1706-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு இறங்கியபோதே போடப்பட்டது. லுத்தரன்களுக்குத் தமிழ் அச்சகம் இருந்தது. 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்துவிட்டார்கள். மறுபக்கம் கத்தோலிக்கர் வீரமாமுனிவர். ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று எழுதித் தள்ளினார். தேம்பாவணி பாடிய அதே கை. அதில் இருக்கிற சூட்டைப் பார்த்தால், இன்றைய யூடியூப் பின்னூட்டச் சண்டைக்காரர்கள் எல்லாம் பச்சைக் குழந்தைகள்.

அதே தரங்கம்பாடியில் நேர் எதிரான ஒன்றும் நடந்தது. 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய தோழரும், கிறிஸ்தவர் அல்லாத தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் தெய்வங்கள் எப்படி, உங்கள் கல்யாணம் எப்படி, எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பதில்கள் வந்தன, சில பதில்கள் முகத்துக்கு நேரே சுடுபவை. அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாயின. தமிழ் மண்ணில் மதத்தைப் பற்றிக் கேட்டு, பதில் வாங்கி, அதைப் பாதுகாத்தும் வைத்த முதல் குழு இதுவாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. அட்மின் தனக்குப் பிடிக்காத பதிலையும் நீக்காமல் வைத்திருந்தார் என்பதுதான் அதில் என்னைக் கவர்ந்தது.

புதுச்சேரிக்கும் இதில் ஒரு பங்கு. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது ஆளுநர் மாளிகையிலிருந்த அச்சு இயந்திரத்தையும் தளபதி அயர் கூட் சென்னைக்குக் கொண்டுபோனார். அது வேப்பேரியில் லுத்தரன் போதகர் பப்ரிசியுஸிடம் போய்ச் சேர்ந்தது. கத்தோலிக்கப் பிரெஞ்சுக்காரரின் அச்சு, லுத்தரன் புத்தகம் போட்டது! ஆங்கிலேயர் இடித்துப்போட்ட ஊரை 1765-க்குப் பிறகு திரும்ப எழுப்பியவர் லா த லோரிஸ்தோன் என்ற ஆளுநர். லாஸ்பேட்டையின் ‘லா’ அவர்தான் என்பார்கள் இங்கே.

இரண்டு தெருவில் இரண்டு பதில்

முத்தியால்பேட்டையில் இருக்கும் ஒரு உறவுக்காரப் பெண் அக்காவை ஒரு ஜெபக் குழுவில் சேர்த்துவிட்டாள். அங்கே வணக்கமே வேறு. நாம் ‘இயேசுவுக்குப் புகழ்’ என்றால், எதிரிலிருந்து ‘பிரைஸ் த லார்ட் சிஸ்டர்’ என்று வரும். கேள்வியைப் போட்ட நாலாவது நிமிடம் குரல் பதிவு வந்தது. அன்பான குரல். பையனுக்கு மட்டுமில்லை, உங்கள் மகளுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் வேண்டும், குழந்தையில் நெற்றியில் தண்ணீர் ஊற்றியது கணக்கில் வராது என்றது. அடுத்தடுத்து மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஒருவர் வீட்டு முகவரி கேட்டார், வந்து ஜெபிக்கிறோம் என்று.

இந்தக் குழுக்களைப் பங்குக் கோயில்காரர்கள் கிண்டல் செய்வதுண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அங்கே மனிதர்கள் பேசுகிறார்கள். அதிகாலை நாலு மணிக்குக் கடன் தொல்லையைச் சொல்லி ஒரு பெண் அழுகிறாள். ஐந்து பேர் அந்த நேரத்தில் விழித்திருந்து ஆறுதல் சொல்கிறார்கள். சாட்சி சொல்லவும் துக்கம் சொல்லவும் இடம் இருக்கிறது. கேள்விக்குத்தான் இடம் கொஞ்சம் கம்மி. பதில் முன்கூட்டியே தயார். கேட்பவர் வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அடுத்து ஆங்கில உலகம். ரெடிட்டில் கிறிஸ்தவத்துக்கென்று 2008-இலிருந்து ஒரு பெரிய விவாத அரங்கு இருக்கிறது. நாத்திகர் உட்பட யாரும் உள்ளே வரலாம். கத்தோலிக்கருக்குத் தனி அரங்கும் உண்டு. அக்காவின் மகள் கேள்வியை மொழிபெயர்த்துப் போட்டாள். முதல் பதிலே, சி.எஸ்.ஐ. என்றால் என்ன? அமெரிக்காக்காரருக்கு அந்த மூன்று எழுத்து, பிணத்தைச் சுற்றி டார்ச் அடிக்கும் டி.வி. தொடர். தென்னிந்தியத் திருச்சபை, 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து சென்னையில் உருவானது என்று அவள் விளக்கம் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் திருச்சபைச் சட்டத்தின் 1124, 1125 ஆகிய எண்களோடு தெளிவான பதில் வந்துவிட்டது.

பதில் இதுதான்: மறு ஞானஸ்நானம் தேவையில்லை. தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் கொடுத்த சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. அதற்கான சான்றிதழ் வேண்டும். ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். அது பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பையன் ஞானஸ்நானமே பெறாதவனாக இருந்தால் வெறும் அனுமதி போதாது, தனி விதிவிலக்கு வாங்க வேண்டும்.

நறுக்குத் தெறித்தாற்போன்ற பதில். ஆனால் டீச்சரக்காவின் முகத்தில் திருப்தி இல்லை. ஓலையை எந்தக் கோயிலில் வாசிப்பார்கள், ரெண்டு கோயிலிலுமா? சம்பந்தி வீட்டார் தங்கள் ஐயர்தான், அதாவது போதகர்தான், ஆசீர்வதிக்க வேண்டும் என்றால் நம் பங்குச் சாமியார் ஒத்துக்கொள்வாரா? நம் சனம் கல்யாணத்துக்கு வருமா? கடைசிக் கேள்வியைச் சட்டப் புத்தகத்திலும் கேட்க முடியாது, அமெரிக்காவிலும் கேட்க முடியாது.

எல்லாக் குழுவிலும் பூட்டிய அறை

‘நம் சனம்’ என்றாரே, அதற்கு வருகிறேன். கிறிஸ்தவ வரன் தேடும் குழுக்களில் போய்ப் பாருங்கள். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) என்ற இரண்டு எழுத்துக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும். யாரும் ஆட்சேபிப்பதில்லை. அதே ஆட்கள் இருக்கும் பங்குக் குழுவில் சாதிப் பாகுபாடு பற்றி ஒரு இளைஞன் ஒரு வரி எழுதட்டும். ‘இங்கே ஆன்மிகம் மட்டும்’ என்று அட்மின் வந்துவிடுவார்.

பிரெஞ்சுக் காலப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அப்போது புதுச்சேரியின் சம்பாக் கோயிலுக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளையர்களும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார், இதைக் கேட்கமாட்டீர்களா என்று பறையர் கிறிஸ்தவர்களைத் தூண்டினார். அவர்கள் கூட்டமாகப் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. கேட்டதால் இடிந்த சுவர்.

அதே ஆண்டுதான் உழவர்கரையில் துபாஷி கனகராய முதலியார் தன் இறந்த மகன் நினைவாக அந்திரேயா கோயிலைக் கட்டினார். லாஸ்பேட்டை இன்று அந்த உழவர்கரை நகராட்சியில்தான் இருக்கிறது. சுவர் இடிந்தது சரி, பிரச்சினை இடியவில்லை. 2008 மார்ச் 9-இல், இதே புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். 2022-இல் மீரட் ஆயராக இருந்த பிரான்சிஸ் கலிஸ்ட் இங்கே பேராயராக நியமிக்கப்பட்டபோது, தலித் ஆயர் எங்கே என்ற குரல் தெருவிலேயே எழுந்தது.

2021-இல் போப் பிரான்சிஸ் தொடங்கிய ஆயர் மன்றம், அடித்தளத்து மக்கள் பேசுவதைக் கேளுங்கள் என்று உலகம் முழுக்கப் பங்குகளுக்குச் சொன்னது. 2023 மே மாதம் வத்திக்கானின் தகவல்தொடர்புத் துறை, சமூக ஊடகத்தில் எப்படிப் பழகுவது என்று தனி ஆவணமே வெளியிட்டது. கேட்பதும், அடுத்தவரை அயலாராக நினைப்பதும்தான் அதன் சாரம். நல்லது. அந்த ஆவணம் பற்றிய அறிவிப்பும், பதில் எழுத முடியாத குழுவில்தான் வந்து விழுந்திருக்கும்!

உள்ளே பேசியது வெளியே வந்தால்

அட்மின்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அவர்களுக்குப் பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. மத விஷயத்தில் எதைப் பேசினாலும் அது நறுக்கப்பட்டு வேறு இடத்துக்குப் போகிறது. 2018-இல் நாலுமாவடி ஊழியர் மோகன் சி. லாசரஸ் இந்துக் கோயில்கள் பற்றிப் பேசிய பழைய காணொளி திடீரென்று பரவியது. பல ஊர்களில் வழக்கு. அவர் வருத்தம் தெரிவித்ததை ஏற்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளை ரத்து செய்தது. அதே 2021 ஜூலையில் குமரி மாவட்டம் அருமனையில் அருட்தந்தை ஜார்ஜ் பொன்னையா பேசிய காணொளி பரவி, அவர் கைதானார். வழக்கை முழுவதுமாக ரத்து செய்ய மதுரைக் கிளை மறுத்துவிட்டது. பேசியது ஒரு கூட்டத்துக்கு. கேட்டது ஊர் உலகம்.

குழு விவாதமும் அப்படித்தான். ஒருவர் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு நாலு சுவரும் பொருட்டில்லை.

பெட்டிச் செய்தி: அட்மினைப் பிடிக்குமா சட்டம்?
உறுப்பினர் ஒருவர் தவறாக எழுதினால் அட்மின் குற்றவாளியாவாரா? பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 மார்ச்சில் இல்லை என்றது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் அதே வழியில் தீர்ப்பளித்தன. அட்மினுக்கும் எழுதியவருக்கும் கூட்டு நோக்கம் இருந்தால் கதை வேறு. எழுதியவருக்கு விலக்கு கிடையாது: வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது பழைய சட்டத்தில் 295ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299. பிரிவினரிடையே பகை மூட்டுவது 153ஏ, இப்போது 196.

இதைவிட அன்றாட ஆபத்து ஒன்று உண்டு. ஜெபக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். யாருக்கு நோய், யார் தனியாக இருக்கிறார், யாருக்கு வெளிநாட்டில் மகன் என்பதெல்லாம் ஜெப விண்ணப்பமாகவே வந்துவிடும். ஏமாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வெளிநாட்டு ஊழியக்காரர் என்று பழகி, பரிசுப் பார்சல் விமான நிலையத்தில் நிற்கிறது, சுங்க வரி கட்டுங்கள் என்று பணம் கறக்கும் வித்தை ஊரறிந்தது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காத்திருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். நேரம் போகப் போக அந்தப் பணம் கைமாறிவிடும்.

பாரீசில் நாலரை, இங்கே எட்டு

உருப்படியாக நடக்கும் குழுவைக் காட்டு என்றால், புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களைக் காட்டுவேன். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரர்கள். பாதி வீடு இங்கே, பாதி பாரீசின் புறநகர்களில். அப்படி ஒரு குடும்பக் குழுவில் இரவு எட்டு மணிக்குக் கூட்டுச் செபமாலை நடக்கிறது. எனக்கும் ஒருநாள் உட்கார இடம் கொடுத்தார்கள். கோடையில் அங்கே மாலை நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை. ஐந்தாம் மறையுண்மை முடிந்ததும் யாரும் போனை வைப்பதில்லை. அதன் பிறகுதான் விஷயமே. அங்கே பிறந்த பேரன் ஒருத்தன், பாட்டி, உத்தரிக்கிற ஸ்தலம் நிஜமா, என்று பாதி பிரெஞ்சில் கேட்டான். பாட்டி மழுப்பவில்லை. “எனக்கும் முழுசாத் தெரியாது கண்ணு, உங்க தாத்தாவுக்காக நான் செபிக்கிறேன், அவ்ளோதான்” என்றார். அவன் விடவில்லை. சித்தப்பா நடுவில் புகுந்தார். இருபது நிமிடம் ஓடியது.

அங்கே ஏன் பேச முடிகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஆட்கள் குறைவு. குரல் கேட்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று மூத்தவரே சொல்கிறார். ஒரு குழுவில் சேரலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு இப்போது ஒன்றைத்தான் சொல்கிறேன்: ஒரு வாரம் வாயைத் திறக்காமல் பழைய செய்திகளைப் படியுங்கள். ‘நான் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுதியவர் மறுநாளும் குழுவில் இருக்கிறாரா? இருந்தால் சேருங்கள்.

காணாமல் போன மன்றங்கள்

இன்னொரு வருத்தமும் உண்டு. நல்ல இடம் கிடைத்தாலும் அது நிலைப்பதில்லை. ஆர்குட் 2014-இல் போனது. யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் போயின. அமெரிக்காவின் ‘கத்தோலிக் ஆன்ஸர்ஸ்’ நடத்திய பெரிய கேள்வி–பதில் மன்றமும் அந்த ஆண்டு முடிவோடு மூடப்பட்டது. அவற்றில் எத்தனை டீச்சரக்காக்கள் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்!

முன்பு மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி சிற்றலையில் வரும். ஊர் ஊராக நேயர் மன்றங்கள். நிகழ்ச்சியைக் கேட்டு, கூடிப் பேசி, போஸ்ட் கார்டில் கேள்வி எழுதுவார்கள். பெயரை வானொலியில் வாசித்தால் அந்த வாரம் அவர்தான் ஊர்ப் பெரிய மனிதர். 2018 ஜூன் மாதத்தோடு சிற்றலை நின்று, இணையத்துக்கு மாறியது. ஒலி இப்போது தெளிவாகக் கேட்கிறது, இரைச்சலே இல்லை. இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு பத்துப் பேர் ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்ததுதான் இல்லை.

ஆறு நிமிடக் குரல்

வெள்ளிக்கிழமை டீச்சரக்கா மறுபடி மைதானத்துக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. பதில் கிடைத்துவிட்டது, அதுவும் பங்குக் குழுவிலிருந்தே! ஆனால் குழுவில் அல்ல. கொக்கு பார்க் பக்கம் இருக்கும் ஒரு அம்மா தனிச்செய்தியில் வந்திருக்கிறார். அவருடைய மகனுக்கு எட்டு வருடம் முன்பு சி.எஸ்.ஐ. பெண். ஆறு நிமிடக் குரல் பதிவு. மைதானத்துச் சுவர் ஓரம் நின்று இரண்டு பேரும் கேட்டோம்.

எந்தச் சான்றிதழை முதலில் வாங்க வேண்டும், அனுமதிக்கு எத்தனை நாள் முன்னால் மனு கொடுத்தார்கள், இரண்டு கோயிலிலும் ஓலை வாசித்தது, ஐயர் வந்து ஒரு வாசகம் படிக்கச் சாமியார் சம்மதித்தது, மூத்த நாத்தனார் கல்யாணத்துக்கு வராமல் வளைகாப்புக்கு வந்தது, எல்லாம் வரிசையாகச் சொன்னார். பின்னால் குக்கர் இரண்டு முறை கூவியது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டீச்சர், இதைக் குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க.”

அக்கா அப்போதே குழுவைத் திறந்து, மேலே மேலே தள்ளி, தன்னுடைய அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து விரலால் அழுத்தினார். இரங்கல் செய்திக்கும் கைகூப்பும் பொம்மைகளுக்கும் நடுவில் இப்போது சாம்பல் நிறத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று இருக்கிறது.

“நாலாவது சுத்து பாக்கி இருக்கு, வா” என்றார்.